பன்னிரண்டாவது நூலின் கடைசிப் பாகம்

1979 டிசம்பர் 1, சனிக்கிழமை. இரவு முழுவதும் மழை. விடியும் முன் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசிகளையும் கத்தரிகளையும் தட்டில் போட்டு வேகவைத்தேன். அவை கொதிக்கும் நேரத்தில் முகம் மழித்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. பால் இல்லாத காப்பி, நான்கு பிஸ்கட். பெரட்டுக்களத்தில் ஆள் கூட்டும் மணி அடிக்கவில்லை. நனைந்த ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் லயத்து வரிசை வீடுகளில் ஆண்கள் காலையிலேயே சம்சு சாராயம் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பஞ்சையும் கட்டுத்துணியையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்து வைத்தேன்.

கோலா கெத்திலுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்துச் சிறு ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் காயம் கழுவுவது, தைப்பது, பல் பிடுங்குவது எல்லாம் என் வேலை. அன்று முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். சேவல் தகராறில் ஒருவன் மற்றவனின் காதைக் கடித்திருந்தான். காது மடல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்து முடித்து நிமிர்ந்தபோது கடித்தவன் பெஞ்சில் இருந்து குரல் கொடுத்தான்.

"டிரஸ்ஸரய்யா, அவனுக்குக் காது தச்சீங்க. எனக்குப் பல்லு ஆடுது, அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"மனுசன் காதைக் கடிச்சா பல்லு ஆடத்தான் செய்யும்."

"காஞ்ச ஒட்டுப்பால் ரப்பர் மாரி இருந்துச்சு லா அவன் காது!"

தைக்கப்பட்டவன் எழுந்து அவனை உதைத்தான். இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அன்று பட்டு நூலைச் சிக்கனமாகவே செலவழித்தேன். மாலையில் அது எனக்கு வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. அன்றோடு எங்கள் வாசிப்பு வருடம் முடிவதாக இருந்தது.

எங்கள் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கியவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்கு அவர் டீச்சர். தோட்டத்துச் சிறு மாதா கோயிலின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். வருடத்துக்கு ஒரு பொருள், அந்தப் பொருளில் பன்னிரண்டு பழம்பெரும் நூல்கள், எந்த மொழியிலிருந்து வந்திருந்தாலும் தமிழில் கிடைத்தால் போதும். எங்கள் வருடம் சனவரியில் தொடங்காது. நாங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் என்பதால், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் தொடங்கி, அடுத்த திருவருகைக்கு முந்தின மாலையில் முடிப்போம். முதல் வருடப் பொருள் கடல். அடுத்தது அரசர்கள். மூன்றாவதாக டீச்சர் கொடுத்த பொருள், பழி. பன்னிரண்டையும் முழுதாகப் படித்து முடிப்பவர் அடுத்த வருடத்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவரை டீச்சரைத் தவிர யாரும் முடித்ததில்லை.

ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதிதான் எங்களிடம் இருக்கும். கோலா கெத்தில் பட்டணத்துச் சாமான் கடைக்காரர் சரக்கு எடுக்கப் பினாங்கு போகும்போது வாங்கி வருவார். அவரும் வட்டத்தில் ஒருவர்; இந்து, வாசிப்பைத் தவிர எங்கள் கோயில் பக்கம் வேறு எதற்கும் வராதவர். நூல் வந்ததும் நான் அதன் தையலைப் பிரித்து எட்டுப் பாகங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போடுவேன். பாகங்கள் வரிசைப்படி வீடு வீடாகப் போகும். வருடம் முடிந்ததும், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய பட்டு நூலால் பன்னிரண்டையும் திரும்பத் தைத்து அலமாரியில் வைப்பேன்.

பழி வருடத்துக்கென்று டீச்சர் ஒரு வழக்கத்தைச் சேர்த்தார். எல்லா நூலிலும் யாராவது யாரையாவது கொன்றார்கள். ஆகவே மாதக் கடைசியில் ஒரு விசாரணை வைப்போம். கொன்றவனுக்காக ஒருவர் பேச வேண்டும், செத்தவனுக்காக ஒருவர். பிறகு எல்லோரும் பால் டின்னுக்குள் ரப்பர் கொட்டை போட வேண்டும். முழுக் கொட்டை என்றால் கொன்றது சரி. உடைத்த ஓடு என்றால் தவறு. எண்ணுபவன் நான், எண்ணுபவன் போடக்கூடாது என்பது விதி.

வரிசையில் எப்போதும் முதல் வாசகி ஒரு பால்வெட்டுக்காரி. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், எங்களில் எல்லோரையும்விட வேகமாகப் படிப்பவள். அவள் புருஷன் தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவன். அவளுடைய தம்பி தோட்டத்து லாரி ஓட்டுநர், அவனும் வட்டத்தில் இருந்தான். அந்த வருடத்து நூல்களை நினைத்தால் அவளுடைய காயங்களும் வரிசையாக எனக்கு நினைவுக்கு வரும். இரண்டாவது நூலின்போது புருவம் பிளந்து வந்தாள். தைப்பதற்குக் குனிந்தபோது, "அந்த ராணி விஷத்த யாருக்குக் குடுக்கிறான்னு படிச்சிட்டீங்களா? படிச்சிருந்தா சொல்லிடாதீங்க," என்றாள். ஐந்தாவது நூலின்போது விலா எலும்பு. இறுக்கிக் கட்டிவிட்டேன். அந்த மாதம் கடைக்காரர் செத்தவனுக்காகப் பேசியபோது எல்லோரும் சிரித்தோம்; அவள் மட்டும் விலாவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சிரிக்க வைக்காதீங்க, செத்துருவேன்," என்று கெஞ்சினாள். ஒன்பதாவது நூலின்போது இடது காதில் அறை வாங்கிச் செவிப்பறை கிழிந்தது. அதற்குப் பிறகு விசாரணைகளில் வலப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவள் புருஷனுக்கு எழுத்து நன்றாகத் தெரியும். அதுதான் வினையாக இருந்தது. ஒரு நாள் ஒரு பாகத்தை எடுத்து நடுவிலிருந்து இரண்டு பக்கம் படித்திருக்கிறான். ஒருத்தி தூங்கும் கணவனின் கழுத்தில் கயிற்றைப் போடும் இடம் அது. அதன்பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அவன் எடுத்துப் பார்த்தான். எடுத்ததிலெல்லாம் கொலை இருந்தது.

"வருஷம் பூரா கொலைக்கதையா படிக்கிறியே, யாரக் கொல்ல?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான்.

மானேஜர் அவனைக் கூப்பிட்டு ஏசினார். அன்று மாலை அதற்கும் சேர்த்து அடித்தான். போலீஸ் நிலையத்தில் அது வீட்டு விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் பாதிரியார் சாமி, பொறுமையாக இருக்கச் சொன்னார். நானும் டீச்சரும், வாசிப்பை நிறுத்திக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிப் பார்த்தோம்.

"இத நிறுத்துனா அவரு வேற காரணம் கண்டுபிடிப்பாரு. அடி எப்பிடியும் விழும். புஸ்தகமாச்சும் இருக்கட்டும்," என்றாள்.

தம்பியை அவள்தான் கட்டிப்போட்டிருந்தாள். அம்மா கல்லறை மேல் கை வைக்கச் சொல்லி, தான் சொல்லாமல் புருஷன் மேல் கை வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் அமைதியானவன், நன்றாகக் கேட்பவன். பதினோராவது நூல் முடிந்த வாரம், லாரிக்கு அடியில் கிரீஸ் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"டிரஸ்ஸர், தூக்குல போட்டா வலிக்குமா?"

பயப்படுவான் என்று நினைத்து நடப்பதை நடக்கிறபடி சொன்னேன். கழுத்து எலும்பு எங்கே ஒடியும், ஒடியாவிட்டால் எவ்வளவு நேரம் ஆகும், நாக்கு என்ன ஆகும். உதிரிபாகத்தின் விலையைக் கேட்பவனைப்போலத் தலையாட்டினான்.

"அப்ப ஒடிஞ்சா பரவால்ல," என்றான்.

பன்னிரண்டாவது நூல் தாமதமாக வந்தது. வடக்கே ஏதோ ஒரு பெரிய ஆற்றங்கரை நாட்டின் பழைய நாவல். ஒரு படகோட்டியின் தகப்பனை ஊர் நிலக்காரன் அந்தக் குடும்பத்துப் படகிலிருந்தே தள்ளிக் கொன்றுவிடுகிறான். மகன் வழக்குப் போடுகிறான், எடுபடவில்லை. அதே படகில் அதே நிலக்காரனைத் தினமும் ஏற்றி இறக்குகிறான். ஏழாம் பாகத்தின் முடிவில், நடு ஆற்றில், துடுப்பால் அவன் மண்டையைப் பிளக்கிறான். ரத்தம் தண்ணீரில் பரவுவதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். அடுத்தது எட்டாம் பாகம், கடைசி. அது முதல் வாசகியான அவளிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அது என்னிடம் வந்திருக்க வேண்டும்; வீடு வீடாக அனுப்ப நேரம் இல்லாததால், கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டுவதாக இருந்தது. மழையால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூடினோம். அவள் வரவில்லை.

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல," என்றான் தம்பி. அவனுடைய கண் பால் டின் மேல் இருந்தது.

கடைக்காரர்தான் முதலில் தடுத்தார். "டீச்சர், இன்னும் ஒரு பாகம் இருக்குதே. முடிவு தெரியாம எப்பிடி ஓட்டுப் போடுறது?"

டீச்சர் அடிக்கோலால் மேசையைத் தட்டினார். "கொலை ஏழாம் பாகத்துல நடந்துருச்சு. வழக்குக்கு அது போதும். நாளைக்குத் திருவருகை ஆரம்பம். நம்ம வருஷம் இன்னிக்கு முடிஞ்சாகணும்."

"பன்னெண்டு மாசமா நான் செத்தவனுக்கே வக்கீலு. சாமான் கடைக்காரன்னா செத்தவன் பக்கந்தான் நிக்கணுமா?"

"செத்தவன் குறுக்க பேசமாட்டான். உங்களுக்கு அதுதான் தோது. ஆரம்பிங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ பேசி உட்கார்ந்தார். கொன்றவனுக்காகப் பேசும் முறை அன்று தம்பிக்கு. போன மாதமே சீட்டுக் குலுக்கி விழுந்தது. அவன் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"அவன் பொறுத்தானா இல்லையா? பொறுத்தான். அந்த ஆளு கையப் புடிச்சு கரையில எறக்கி விட்டான். கோர்ட்டுக்குப் போனான், தொரத்துனாங்க. ஊர்ப் பெரியவங்ககிட்ட போனான், பொறுத்துக்கோன்னாங்க. கோயிலுக்குப் போனான், அங்கயும் அதான். எல்லாரும் நல்லவங்க. எல்லாருக்கும் தெரியும் அந்த ஆளு கொலகாரன்னு. ஒருத்தன் அடிக்கணுமா இல்லையா? நீங்க அடிப்பீங்களா டீச்சர்? டிரஸ்ஸர் அடிப்பாரா? அவரு தச்சுத்தான் விடுவாரு. தச்சு அனுப்புனா திரும்ப அங்கதானே போவணும்?"

டின் சுற்றி வந்தது. மேசையில் கவிழ்த்தேன். ஒரே ஓர் உடைந்த ஓடு, அது கடைக்காரருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் முழுக் கொட்டை, டீச்சருடையது உட்பட.

"அப்ப எல்லாரும் சரின்னுட்டீங்க," என்றான் தம்பி.

"கதைக்குத்தான்பா," என்றார் கடைக்காரர்.

அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். காப்பி வருவதற்குள் வெளியே போய்விட்டான். நான் கொட்டைகளைத் திரும்ப டின்னுக்குள் போடும்போது, லாரி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது. குழாயடிக்குக்கூட லாரியில் போகிறவன் அவன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரி அங்கேயே நின்றது, ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. விழுந்த கிளைகளை வெட்ட இருக்கைக்குப் பின்னால் அவன் வைத்திருக்கும் பாராங் கத்தி உறையை விட்டுப் போயிருந்தது. உறை மட்டும் படியில் கிடந்தது.

நான் சைக்கிளில் போனேன். கடைக்காரர் வேனை எடுத்தார், டீச்சர் அவரோடு ஏறினார்.

லயத்தை நெருங்கும்போதே கோழிகளின் கூச்சல் கேட்டது. வாசல் படியில் ரத்தம், சுவரில் ரத்தம். அவள் புருஷன் கோழிக்கூண்டைக் கேடயம்போலத் தூக்கிப் பிடித்தபடி பின்வாசல் மூலையில் ஒடுங்கியிருந்தான். இடது முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை திறந்து கிடந்தது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தம்பி கூண்டை வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் சட்டம் ஒன்று பறந்தது. ஒரு கோழி தலையில்லாமல் அவன் காலுக்கடியில் சுற்றியது. அக்கம்பக்கத்து ஆண்கள் தங்கள் கதவுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் காதில் விழவில்லை.

அப்போது அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். இரண்டு கைகளிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. விரல்களால் பிடிக்க முடியாமல், ஒரு விறகுக்கட்டையை இரு முன்கைகளுக்கு நடுவே இடுக்கியிருந்தாள். உடம்பையே சுழற்றித் தம்பியின் தோளில் அடித்தாள். எலும்பில் படும் சத்தம் கேட்டது. பாராங் விழுந்தது. அவன் குனிவதற்குள் அவள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி அக்கா."

"மாட்டேன்."

"எந்திரின்றேன்ல!"

"என்ன வெட்டிட்டு எடுத்துக்க. நான் சொல்லாம கை வைக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"உன் கையப் பாருக்கா! கையப் பாரு!"

"என் கை எனக்குத் தெரியும்டா."

அவன் மூச்சு வாங்கினான். வேனிலிருந்து இறங்கி வந்த டீச்சரைக் கை நீட்டிக் காட்டினான். "எல்லாரும் சரின்னுட்டாங்க. கேட்டுப் பாரு. டீச்சரே போட்டாங்க."

அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"கடைசிப் பாகம் படிக்காமயா?" என்றாள்.

மூலையிலிருந்து புருஷன் கத்தினான். "போலீசக் கூப்புடுங்க! டேய், நீ தூக்குலதான்டா தொங்குவ! உங்கக்காளும்தான்!"

அவள் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க வாய மூடுங்க. ரத்தம் போவுது," என்றாள்.

என் பெல்ட்டை அவிழ்த்து அவன் மேற்கையில் இறுக்கினேன். மூன்று பேரையும் வேனில் ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒருவரை ஒருவர் தொடாமல் உட்கார்ந்தார்கள், நடுவில் டீச்சர் அடிக்கோலோடு. பாராங்கை நான் சட்டைக்குள் வைத்திருந்தேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வழியில்லை. கடைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மரப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, வடிந்த பிறகுதான் வேன் போகும் என்றார்.

"மொதல்ல அவனுக்கா?" என்று தம்பி தரையிலிருந்து கேட்டான்.

"ரத்தம் போறவனுக்கு முதல்ல."

"அக்கா கை?"

"சுத்தமான தண்ணிக்குள்ள இருக்கு. காத்திருக்கும்."

"காத்திருக்கும், காத்திருக்கும். அக்காவுது எப்பவும் காத்திருக்கும்."

புருஷனின் கையை உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை தைத்தேன். கடைக்காரர் டார்ச் பிடித்தார். மரத்துப்போகும் ஊசி எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. அவன் ஊளையிட்டான், என் முகத்தில் எச்சில் துப்பினான், அவளைத் தகாத வார்த்தையில் திட்டினான். நூல்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த பட்டு நூல் முழுவதும் அவன் கையில் தீர்ந்தது.

பிறகு அவள் கைகளில் சுற்றியிருந்த ஈரத்துணிகளைப் பிரித்தேன். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் கையுறைபோல உரிந்திருந்தது. காலையில் வெட்டு இல்லை. அவன் குடித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியிலிருந்து எட்டாம் பாகத்தை எடுத்திருக்கிறான். "கடைசியா எவனக் கொல்றீங்கன்னு பாப்போம்" என்று சொல்லி அடுப்பில் போட்டிருக்கிறான். அவள் இரண்டு கைகளையும் அடுப்புக்குள் விட்டிருக்கிறாள். மதியம் வந்து பார்த்த தம்பியிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். அவன் யாருக்கும் சொல்லவில்லை. நேராக விசாரணைக்கு வந்து எங்களிடம் கேட்டுவிட்டுப் போனான்.

மருந்து தடவிக் கட்டி முடிக்கும்வரை அவள் சத்தம் போடவில்லை. முடிந்ததும் இடுப்பைக் காட்டி, எடுக்கச் சொன்னாள். சேலைச் செருகலில் பழுப்பு அட்டை இருந்தது. தையல் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கொஞ்சம் தாள், மிச்சமெல்லாம் கரி.

"நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன்," என்றாள். "சொல்றேன், கேளுங்க."

தண்ணீர் வடியும்வரை செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. புருஷன் கட்டிலில் கிடந்தான். தம்பி சுவரில் சாய்ந்து தோளைப் பிடித்திருந்தான். நான் இருவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"கொன்னுட்டு அவன் ஓடல. கரைக்கு வந்து ஊர்ல சொல்லிட்டான். ஊரு கூடுது. பெரியவங்க எல்லாரும் அவன் செஞ்சது சரின்னு சொல்லிடுறாங்க. சர்க்கார் ஆளுங்க வந்தப்பகூட யாரும் காட்டிக் குடுக்கல. மறுநாள் காலையில அவன் படகத் துறைக்குக் கொண்டாறான். சந்தைக்குப் போறவங்க கூடையோட வந்து நிக்கிறாங்க. எல்லாரும் அவனக் கும்புடுறாங்க. யாரும் ஏறல."

"பயமா?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் எழுதல. ஏறல, அவ்வளவுதான். மேல போனா ஆழமில்லாத எடம் ஒண்ணு இருக்கு, அங்க நடந்து போறாங்க. நெஞ்சு வரைக்கும் தண்ணி. பொம்பளைங்க, கூடைய தலையில வச்சுக்கிட்டு. இவன் துறையிலயே நிக்கிறான். தெனமும் நிக்கிறான்."

"சரின்னு சொன்னாங்கன்னியே அக்கா," என்றான் தம்பி.

"சொன்னாங்கடா. பாக்கும்போதெல்லாம் சொன்னாங்க."

"அவன் பொண்டாட்டி?" கட்டிலிலிருந்து கேட்டது புருஷன்.

"அவன் கல்யாணமே கட்டல. சும்மா கேளுங்க."

"ஒருத்தர்கூடவா ஏறல?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒருத்தர்கூட. படகு கரையிலயே மக்கிப்போவுது. அதோட முடிஞ்சிருச்சு."

வெளியே தவளைச் சத்தம். பன்னிரண்டாவது நூலை எங்கள் வட்டம் முடித்தது இப்படித்தான். டீச்சர் டின்னைத் திரும்பச் சுற்றலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் டீச்சர்," என்றார் கடைக்காரர். "இன்னிக்கு ஓட்டுப் போட்டது போதும்."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். "பட்டணத்து ஆஸ்பத்திரில போய் என்ன சொல்வீங்களோ சொல்லுங்க. எந்தம்பி வெட்டுனான்னு சொன்னா, நான் இந்தக் கைய அங்க காட்டுவேன். காதையும் காட்டுவேன். டிரஸ்ஸர் மத்தத சொல்லுவாரு, அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அங்கேர்ந்து உங்கண்ணன் வீட்டுக்குப் போங்க. இங்க வந்தீங்கன்னா நான் அடுத்த தடவ பாராங் மேல ஒக்கார மாட்டேன்."

புருஷன் தன் தைத்த கையைப் பார்த்தபடியே இருந்தான்.

டீச்சர் எழுந்து அவளருகே போனார். "பன்னெண்டையும் முழுசா படிச்சது நீ ஒருத்திதான். அடுத்த வருஷத்துக்கு என்ன பொருள், நீதான் சொல்லணும்."

"சிரிப்பு," என்றாள் உடனே. எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். "பன்னெண்டும் சிரிக்கிற புஸ்தகமா இருக்கணும். எனக்கு விலா எலும்பு இப்ப நல்லாயிருச்சு."

"பினாங்கு பூரா தேடுனாலும் பன்னெண்டு கெடைக்குமா தெரியல லா," என்றார் கடைக்காரர்.

பாலத்தில் தண்ணீர் இறங்கியதும் கடைக்காரர் அவள் புருஷனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போலீஸ் வரவில்லை. அங்கிருந்து தஞ்சோங் டாவாயில் மீன் பிடிக்கும் தன் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான். பிற்பாடு ஒருமுறை தன் ரேடியோவை எடுக்க மட்டும் ஆள் அனுப்பினான். ஆனால் அன்று இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. அவள் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், தம்பி வெளிப் பெஞ்சிலும் படுத்தார்கள். பாராங்கை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்களைத் தோட்டத்து லாரிதான் ஏற்றிப் போகும். டிசம்பர் 2, விடிந்ததும் அவள் என் கதவை முழங்கையால் இடித்து எழுப்பினாள். நான் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை, முகம் மழிக்கவில்லை. அவள் பின்னால் பெரட்டுக்களத்துக்குப் போனேன். தம்பி ஒரு தோளைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையால் லாரியின் பின்கதவை இறக்கி, ஏறுவதற்கு முக்காலியும் போட்டிருந்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் முக்காடும் செபப் புத்தகமுமாக மரத்தடியில் நின்றார்கள். டீச்சர் குடையோடு நின்றார். எல்லோரும் அவனுக்கு வணக்கம் சொல்லியிருந்தார்கள். லாரி காலியாக இருந்தது.

அவள் நேராக முக்காலிக்குப் போனாள். கட்டுப்போட்ட கைகளால் கம்பியைப் பிடிக்க முடியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலை நான் செய்த முதல் வேலை, அவளை முழங்கைக்குக் கீழே தாங்கிப் பிடித்து லாரிக்குள் ஏற்றியதுதான். பிறகு நானும் ஏறினேன்.